எச்பி-35 வாங்கலாமா, எஸ்ஆர்-50 வாங்கலாமா?

பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று வேண்டும் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான். இரண்டிலும் சிவப்பு எல்இடி எழுத்துகள், ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-காட்மியம் பேட்டரி.

அன்றைய விலை: ஹியூலட்-பேக்கர்டின் எச்பி-35, 1972-ல் 395 டாலர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்ஆர்-50, 1974-ல் சுமார் 170 டாலர்.

கணக்குப் போடும் முறை: எச்பி-யில் சமக்குறி பட்டனே கிடையாது. 3, என்டர், 4, கூட்டல் என்று அழுத்தினால் 7 வரும். பழகிவிட்டால் நீளமான கணக்கில் அடைப்புக்குறி பற்றிய கவலையே இல்லை. எஸ்ஆர்-50-ல் பள்ளியில் எழுதுவது போலவே அழுத்தலாம்.

வசதிகள்: எஸ்ஆர்-50-ல் ஃபேக்டோரியல் (1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது), கோணத்தை ரேடியன் அளவில் தருவது இரண்டும் உண்டு. எச்பி-35-ல் கோணத்துக்கு டிகிரி மட்டும்தான்.

பட்டன்கள்: இதில் எச்பி-க்குத்தான் என் ஓட்டு. எண்கள் மேலே அச்சடித்தவை அல்ல, இரு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. எவ்வளவு தேய்ந்தாலும் அழியாது. எஸ்ஆர்-50-ல் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகும் தொல்லை வரலாம். வாங்கும் முன் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

எதுவானாலும் பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், எச்பி-யைப் பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டாதீர்கள்.

எடுத்து தினமும் கணக்குப் போட ஆசையா, எஸ்ஆர்-50 போதும். சேகரிப்புக்கு என்றால் எச்பி-35 தான். அதிலும் முதல் தொகுதி கிடைத்தால் விடாதீர்கள்: 2.02-க்கு இயல் மடக்கை (ln) எடுத்து, உடனே அதன் எதிர்ச்செயலான இ-யின் அடுக்கை (eˣ) அழுத்தினால், 2.02 திரும்பி வருவதற்குப் பதில் 2 என்று தவறாகக் காட்டும்.