ஈரோட்டு வெயிலில் ஒரு சிகார் பெட்டி

சிகார், அதாவது வெளிநாட்டுச் சுருட்டு, காயாமல் வைக்க ஆன்லைனில் வாங்கிய மரப்பெட்டி இது. ஐம்பது சிகார் கொள்ளும் என்று போட்டிருந்தார்கள், முப்பதுக்கு மேல் வைத்தால் சிகார்களுக்கு நடுவே காற்று புகாது. கண்ணாடி மூடி, முன்பக்கம் முள் வைத்த ஈரப்பத மானி, உள்ளே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. விலை ஆறாயிரத்தை ஒட்டி வந்தது. பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆனால் ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதியை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

மஞ்சள் மண்டி வைத்திருப்பவன் நான். சரக்கை வாங்குவதில் இல்லை, விலை வரும்வரை கெடாமல் வைத்திருப்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. அதனால் துபாயில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுக்கும் நிகரகுவா சிகார்களைப் பீரோவில் துணிக்கு நடுவே செருகிவைக்க மனசு வரவில்லை. மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் ஒன்று, அவ்வளவுதான் பழக்கம். இது உடம்புக்கு ஆகாது என்பதை இங்கே விற்கும் புகையிலைப் பெட்டிகளில் 85 சதவீத இடத்துக்குப் படமாகவே போட்டிருக்கிறார்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

எங்க அப்பாரு உறையூர்ச் சுருட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு காடு சுற்றியவர். அவரிடம் ஈரப்பதம் என்று பேசினால் சிரித்திருப்பார். வெளிநாட்டுச் சிகார் அந்த ரகம் இல்லை. இலையில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் நிதானமாக எரியும். 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே போனால் மேல் இலை வெடிக்கும், புகை சுடும், வாசனை தரும் எண்ணெய்ப் பசை ஆவியாகிவிடும். மறுபடி ஈரத்தில் வைத்தால் இலை மென்மையாகும், ஆனால் போன வாசனை வராது. 75க்கு மேல் போனால் இழுக்க வராது, அடிக்கடி அணையும், பூஞ்சையும் பிடிக்கும்.

இனி பெட்டிக்கு வருவோம். உள்ளே அடித்திருப்பது ஸ்பானிஷ் சீடர் பலகை. பெயரில் சீடர் இருந்தாலும் இது தேவதாரு வகை இல்லை, நம் வேப்பமரத்தின் குடும்பம். வாசனை நன்றாக இருக்கிறது, ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. வேலைப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்த அன்றே சிகாரை அடுக்கக் கூடாது, காய்ந்த பலகை சிகாரில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். முதலில் பலகைக்கு இரண்டு வாரம் ஈரம் காட்ட வேண்டும். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த முள் மானி சுத்த அலங்காரம். சோதித்துப் பார்ப்பது சுலபம். சமையல் உப்பைப் பாட்டில் மூடியில் போட்டு, சேறு போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் கவரில் ஒரு நாள் மூடி வைத்தால் உள்ளே 75 சதவீதம் நிற்கும். உப்பின் இயல்பு அது. இந்தப் பெட்டியின் மானி 61 காட்டியது. அதை நம்பி ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்கிய சின்ன டிஜிட்டல் மானி அதே கவரில் 74 காட்டியது. இந்த ஒரு சதவீதத்தை மனசில் கூட்டிக்கொண்டால் போதும்.

ஸ்பாஞ்சையும் கழற்றிப் போட்டுவிடலாம். நம்ம போர் தண்ணியை விட்டால் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும், டிஸ்டில்டு வாட்டர்தான் விட வேண்டும். அதை விட போவேடா பாக்கெட் மேல். உள்ளே உப்புக் கரைசல் இருக்கிறது, பையின் சவ்வு வழியாக நீராவி மட்டும் போய்வரும். ஈரம் குறைந்தால் விடும், கூடினால் இழுத்துக்கொள்ளும். 60 கிராம் பாக்கெட் ஒன்று 25 சிகாருக்கு என்பது கணக்கு. நான் 65 சதவீதத்தில் நிறுத்தும் வகை போடுகிறேன். பங்குனி, சித்திரையில் பாக்கெட் சீக்கிரம் கெட்டியாகிவிடுகிறது, மாற்ற வேண்டியிருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாததும் அதற்கு ஒரு காரணம். மூடியை இறக்கினால் காற்று மெத்தென்று தடுத்துத் தாழ வேண்டும், இது டொப்பென்று விழுகிறது.

இதுவரை சொன்னது ஈரம். எந்தப் பெட்டியும் தராதது குளிர்ச்சி. நம்ம பக்கம் பெரிய ஆபத்தே அங்கேதான்.

சிகாரைத் துளைக்கும் பூச்சி எங்களுக்குப் புதிது இல்லை. மஞ்சள் குடோனில் விரலியை ஓட்டை போட்டு மாவாக்கும் அதே செம்பழுப்பு வண்டுதான், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். புகையிலை, மஞ்சள், மிளகாய், மல்லி எதையும் விடாது. புகையிலையின் நஞ்சு இதற்கு ஒன்றும் செய்வதில்லை. முட்டை இலையோடே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் வளர்ச்சி அநேகமாக நின்றுபோகும். 30ஐத் தொட்டால் கொண்டாட்டம். ஏப்ரலில் ஈரோட்டில் வெளியே 40 அடிக்கும்போது, மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்குள் 34, 35 சாதாரணம். அதில் 70 சதவீத ஈரத்தோடு ஒரு மூடிய பெட்டி. வண்டுக்கு இதைவிட நல்ல வீடு கட்டித் தர முடியாது. கோபியில் ஒரு நண்பர் சித்திரைக் கடைசியில் பெட்டியைத் திறந்தபோது, அடுக்கில் பாதிக்கு மேல் குண்டூசி குத்தியது போல் ஓட்டை. மேல்நாட்டுப் பெட்டி, விலை என்னுடையதைப் போல மூன்று மடங்கு.

குடோன் என்றால் படுதா போட்டு மூடி, பூச்சியைக் கொல்லும் நச்சுப்புகை மாத்திரை வைப்போம். வாயில் வைக்கப்போகும் சிகாருக்கு அந்தப் பேச்சே கூடாது. இதற்கு வழி ஃப்ரீசர்தான். காற்றுப் புகாத கவரில் இரட்டையாகப் போட்டு, மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே மூன்று நாள். அப்புறம் ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில். அப்புறம்தான் வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேல் இலை வெடித்துவிடும். மச்சான் கொண்டுவரும் எதுவும் இந்த வரிசையில் போகாமல் பெட்டிக்குள் போவதில்லை.

வெயில் காலத்துக்குச் சின்ன வைன் கூலர் (ஒயின் பாட்டில் வைக்கும் குட்டி ஃப்ரிட்ஜ்) ஒன்று வாங்கினேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டில், "ஏனுங்க, ஆயிரம் மூட்டை மஞ்சளுக்கு இல்லாத ஏசி இந்த இருபது குச்சிக்கு எதுக்குங்க?" என்றார். நியாயமான கேள்வி, பதில் இல்லை. கம்ப்ரஸர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கம்ப்ரஸர் இல்லாத, விலை குறைந்த பெல்டியர் வகை அறைச் சூட்டை விடக் கொஞ்சம்தான் இறக்கும், நம்ம சித்திரையில் திணறிவிடும். 18 டிகிரி வைத்திருக்கிறேன். கூலர் காற்றை உலர்த்தும் என்பதால் சிகாரை அப்படியே அடுக்காமல், நாலு பக்கமும் க்ளிப் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாக்கெட்டோடு வைத்து உள்ளே தள்ளிவிட்டேன். முந்நூறு ரூபாய் டப்பா. மூடி கச்சிதமாகப் பொருந்துவதால் மானி 65, 66ஐ விட்டு நகரவில்லை, பாக்கெட்டும் மரப்பெட்டியில் இருந்ததைவிட ரொம்ப நாள் வருகிறது. பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு சீடர் துண்டை டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன், வாசனைக்கு.

பெட்டிக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம், அதுவும் பலகைக்காக. ஊட்டி, குன்னூர்க்காரர்கள் தாராளமாக வாங்கலாம், அங்கே சூடு பிரச்சினை இல்லை. வால்பாறையில் ஆடி மழைக்கு ஈரம் கூடுவதுதான் தொல்லை, ஸ்பாஞ்சை விட்டுவிட்டுப் பாக்கெட் போட்டால் அது இழுத்துக்கொள்ளும். பொள்ளாச்சி, கோயமுத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் பெட்டியே போதும், பங்குனி சித்திரைக்கு மட்டும் டப்பாவும் கூலரும். மற்றவர்கள் ஆறாயிரத்தில் டப்பா, டிஜிட்டல் மானி, நாலு பாக்கெட் வாங்குங்கள், மிச்சக் காசைக் கூலருக்குச் சேர்த்து வையுங்கள்.