மூன்று முடிச்சு: செல்வி போட்ட நாலாவது முடிச்சு

வில்லனை அடிக்காமல், போலீஸுக்குப் போகாமல், ஒரே ஒரு உறவுமுறையை வைத்து அவன் கையைக் காலைக் கட்டிப்போட்ட கதாநாயகி என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது மூன்று முடிச்சு செல்விதான். 1976-ல் கே. பாலசந்தர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

செல்விக்கு பாலாஜிமேல் காதல். பாலாஜியோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பிரசாத்துக்கும் அவள்மேல் கண். மூன்று பேரும் ஏரியில் படகில் போகும்போது பாலாஜி தண்ணீரில் விழுகிறான், நீச்சல் தெரிந்த பிரசாத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அந்தப் படகுப் பாட்டு கண்ணதாசன் எழுதிய அந்தாதி, ஒரு அடி முடிகிற சொல்லில்தான் அடுத்த அடி தொடங்கும். அதுவரை ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் பாடியதை, பாலாஜி மூழ்கிய பிறகு எம்.எஸ்.வி.யின் குரலில் பிரசாத் தொடர்கிறான், துடுப்பை வலித்துக்கொண்டே. நண்பன் விட்ட சொல்லை எடுத்துக்கொண்ட மாதிரி அவளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறான் பாருங்கள், எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே எனக்கு வயிறு கலங்கும். ரஜினியின் அந்த அலட்சியமான முகம் அப்படி.

அப்புறம்தான் செல்வியின் ஆட்டம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவள் வேலைக்குச் சேர்கிற வீடு பிரசாத்தின் அப்பாவுடையது, மனைவியை இழந்த அவர் கல்யாணத்துக்குக் கேட்க, இவள் சரி என்கிறாள். வீடு திரும்பும் பிரசாத்துக்கு அவள் இப்போது அம்மா முறை. யாரை அடைய நண்பனைச் சாகவிட்டானோ அவளையே 'அம்மா' என்று கூப்பிட வேண்டும், அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் தந்திருக்காது. படம் வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு 13 வயதுதான் என்பதை நம்பவே முடியவில்லை, குரலை உயர்த்தாமல் பார்வையிலேயே அவனை நிறுத்திவிடுகிறார். கமலுக்கு வேலை கொஞ்சம்தான், ஆனால் அவர் போன பிறகும் அந்த இழப்பு படம் முழுக்கத் தெரிகிறது.

ஒரே ஒரு மனத்தாங்கல். அப்பா வயதுள்ளவரோடு வாழப்போகும் செல்வி இதற்காக எதையெல்லாம் இழந்தாள் என்று படம் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கலாம். பிரசாத்தின் மனசாட்சி பேசுவதற்குத் தனியாகக் காட்சிகள் இருக்கின்றன, அவளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.