டெட் சைக்காலஜி ஆன்லைன் பேட்ச்: காசு குடுத்து சேரலாமா?

டெட்டுக்கு, அதான் டீச்சர் தகுதித் தேர்வுக்கு, சைக்காலஜி மட்டும் தனியா ஒரு ஆன்லைன் பேட்ச் சேந்தேன், எப்டி இருக்குன்னு நெறைய பேர் கேக்கறாங்க. சென்டர் பேர் போடல, திட்டப்போற எடமும் இருக்கு அதான். பேப்பர் 1 (1ல இருந்து 5ம் வகுப்பு வரைக்கும் எடுக்கறவங்களுக்கு), பேப்பர் 2 (6ல இருந்து 8க்கு) ரெண்டுலயும் 150 மார்க்ல 30 மார்க் இந்த குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் தான், பாஸ் ஆகறதுக்கு ஒண்ணு ரெண்டு மார்க்ல தவிக்கற ஆளுங்களுக்கு இதுல தான் உயிரே இருக்கு.

சார் நல்லா நடத்துறாரா? பாதி நல்லா நடத்துறாரு. குழந்தைங்க யோசிக்கற விதம் எப்டி நிலை நிலையா வளருதுன்னு சொன்ன பியாஜே பத்தின கிளாஸ் சூப்பர். ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல சமமா தண்ணி ஊத்தி வச்சுட்டு, யுகேஜி படிக்கிற அவர் பொண்ண கேமரா முன்னாடி நிக்க வச்சாரு. ஒரு டம்ளர் தண்ணிய மட்டும் ஒல்லியா ஒசரமா இருக்கற பாட்டில்ல மாத்தி ஊத்தி, எதுல ஜாஸ்தின்னு கேட்டா, ஊத்தினதையே பாத்துட்டு இருந்த புள்ள பட்டுனு பாட்டில காட்டுது, "இதுதான்ப்பா பெருசா இருக்கு"ங்குது. 2ல இருந்து 7 வயசு வரைக்கும் முன் செயல்பாட்டு நிலை, அந்த வயசுல அளவு மாறாதுங்கறது புரியாதுன்னு இனிமே நான் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. ஆனா அதே சார், தப்பு பண்ணி பண்ணி கத்துக்கறத பூனைய கூண்டுல வச்சு சோதிச்ச தார்ண்டைக் வந்ததும் ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதின்னு ஸ்லைட வாசிச்சுட்டு போயிட்டாரு, கூண்டுக்குள்ள அந்த பூனை என்ன பண்ணுச்சுன்னு கூட சொல்லல.

பேட்ச்ல இப்ப சீனியர் டீச்சர்ஸ் நெறைய, ஏற்கனவே வேலைல இருக்கறவங்களும் டெட் பாஸ் பண்ணணும்னு 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து அவங்களும் எழுதியாகணும்ல. உண்மைய சொன்னா கிளாஸ் கலகலன்னு இருக்கறதே அவங்களால தான். பரிசும் தண்டனையும் நடத்தைய எப்டி மாத்துதுன்னு ஆராய்ஞ்ச ஸ்கின்னர் பத்தி நடத்தும்போது ஒரு டீச்சர், "ஹோம்வொர்க் முடிச்சவனுக்கு இம்போசிஷன் கிடையாதுன்னு சொல்றேன் சார், அது தண்டனைல வருமா?"ன்னு கேட்டாங்க. சார், "இல்ல டீச்சர், பிடிக்காத ஒண்ண எடுத்துவிட்டு அவன் ஹோம்வொர்க் செய்யறத கூட்டறீங்க, அது எதிர்மறை வலுவூட்டல், தண்டனைன்னா ஒரு நடத்தைய கொறைக்கறதுக்கு"ன்னாரு. எல்லாரும் மாத்தி போடுற கேள்வி இது, ஒரே நிமிஷத்துல முடிஞ்சுது.

இப்ப குறை. சாரக்கட்டு அதாவது ஸ்கேஃபோல்டிங் (புள்ளைக்கு தேவையான அளவு உதவி குடுத்து, மெல்ல மெல்ல அத கொறைக்கறது) ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதுன்னு பிடிஎஃப்ல இருக்கு. அவர் 1934லயே இறந்துட்டாரு, கற்றலுக்கு அந்த வார்த்தைய கொண்டு வந்தது 1976ல வுட், புரூனர், ராஸ் மூணு பேரும் எழுதுன கட்டுரை. அண்மை வளர்ச்சி மண்டலம் (தனியா முடியாம, இன்னொருத்தர் உதவியோட மட்டும் செய்ய முடியற எல்லை) தான் வைகாட்ஸ்கியோடது, ரெண்டையும் சேத்தே பேசறதால குழப்பிட்டாங்க. கேள்வில ஆப்ஷன்ல புரூனர் இல்லன்னா வைகாட்ஸ்கிய போட்டுட்டு போங்க, அங்க போய் சண்டை போடாதீங்க. இதவிட கடுப்பு, பாத்து கத்துக்கறவங்க, கேட்டு கத்துக்கறவங்க, செஞ்சு கத்துக்கறவங்கன்னு ஒரு ஃபார்ம் குடுத்து நம்மள பிரிச்சு ஒரு முழு கிளாஸ வீணாக்குனது. 2008லயே பாஷ்லர் டீம் இருக்கற ஆராய்ச்சியெல்லாம் அலசிட்டு, அப்படி ஆளுக்கேத்த மாதிரி பிரிச்சு சொல்லிக்குடுத்தா நல்லா வரும்ங்கறதுக்கு சரியான ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க.

காசு வொர்த்னா அது சண்டே டெஸ்ட்டுக்கு தான். அந்த வாரம் நடத்துனது மட்டும் இல்லாம பழைய பாடமெல்லாம் கலந்து வரும், மொதல்ல எரிச்சலா இருக்கும், ஆனா அதுல விஷயம் இருக்கு. ரோடிகர், கார்பிக்கே 2006ல காலேஜ் பசங்கள வச்சு பண்ணுன சோதனைல, அஞ்சு நிமிஷத்துல கேட்டப்ப திரும்ப படிச்சவங்க தான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு கேட்டா டெஸ்ட் மாதிரி ஞாபகப்படுத்தி எழுதுனவங்க 56 சதவீதம், திரும்ப படிச்சவங்க 42. இத சாரே ஒழுங்கா நடத்தல, ஆனா டெஸ்ட்ட மட்டும் கரெக்டா அதே மாதிரி வச்சிருக்காங்க. விடை விளக்கம் வீடியோ தான் லேட்டா வருது, சில சமயம் அடுத்த டெஸ்ட்டே வந்துடுது.

பேப்பர் 2 மட்டும் எழுதறவங்க யோசிச்சு சேருங்க, உதாரணம் எல்லாமே சின்ன புள்ளைங்க தான், வளரிளம் பருவத்த அவசர அவசரமா ஓட்டிட்டாரு. டெஸ்ட் மட்டும் தனியா போன் பண்ணி கேட்டா தர்றாங்க, வெப்சைட்ல போட மாட்டாங்க.