440 தோட்டா, ஒரு தகர டப்பா: சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

மோசின் நாகன்ட் ரைஃபிளுக்காக வாங்கிய சோவியத் ராணுவ உபரித் தோட்டா இது, அளவு 7.62×54ஆர். காற்றுப் புகாமல் அடைத்த தகர டப்பாவுக்குள் இருபது இருபதாகக் கட்டிய 22 காகிதப் பொட்டலங்கள். தோட்டாவின் அடியில் ஆலை எண்ணும் 83 என்ற எண்ணும் பொறித்திருக்கின்றன, அதாவது 1983இல் செய்தவை. டப்பா உறுதியாக இருந்ததால் உள்ளே பெரும்பாலானவை புதுசு போலவே இருந்தன. அப்படியும் ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பார்த்தேன். துரு ஆழமாக அரித்தது, குண்டு உள்ளே அமுங்கியது என ஏழு தோட்டாக்களை ஒதுக்கினேன்.

துல்லியம் சுமார்தான், ஆனால் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். குண்டின் நுனியில் வெள்ளி நிறம் இருந்தால் உள்ளே மென் எஃகு இருக்கிறது என்று அர்த்தம், அதைப் பல ரேஞ்சுகளில் (சுடும் பயிற்சி இடங்களில்) விடமாட்டார்கள், போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது பொட்டலத்தில் ஒன்று 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. குழலை இலக்கை விட்டு நகர்த்தாமல் அப்படியே பிடித்திருந்தேன். ஒரு நொடி கழித்து வெடித்தது! அவசரப்பட்டு போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் பகுதியை) இழுத்திருந்தால் அது என் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும். பழைய பிரைமரில் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) இது நடக்கும், ஆகவே வெடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது காத்திருங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது, குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இதில் உண்மையான தொல்லை சுட்டு முடித்த பிறகுதான். பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருப்பதால் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு படிகிறது, அதுவும் ஒரு உப்புதான், ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். எண்ணெயில் உப்பு கரையாது, அதனால் எண்ணெய் போட்டுத் துடைத்ததோடு நிறுத்தியவர்களின் குழல் சில நாளில் செம்மண் நிறமாகிவிடுகிறது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானைச் சிலர் சொல்வார்கள், சரி, அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான். அன்றே கொதிக்கும் தண்ணீரை குழலில் தோட்டா போடும் பக்கத்திலிருந்து ஊற்றி, போல்ட்டின் முகப்பையும் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போடுங்கள். எனக்கு இதற்கு இருபது நிமிடம் ஆகிறது, சுட்ட ஒவ்வொரு முறையும்.

அந்த நேரத்தைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்வேன். நான் அடுத்த டப்பாவும் வாங்கப் போகிறேன். ஒதுக்கிய ஏழையும் பிரித்துப் பார்க்காமல் ரேஞ்ச் ஆட்களிடம் கொடுத்துவிட்டேன்.