திருவாவடுதுறையில் வாங்கிய ஆறு சீவாளிகள்

நரசிங்கம்பேட்டையில் நாயனம் (நாதஸ்வரம்) கடைந்து வாங்குபவர்கள், அதன் முனையில் பொருத்தி ஊதும் நாணல் தட்டையான சீவாளிக்காகப் பக்கத்திலுள்ள திருவாவடுதுறைக்குப் போவது எங்கள் பகுதியில் வழக்கம். அங்கே பரம்பரையாகச் சீவாளி கட்டும் ஒருவரிடம், 2 கட்டைச் சுருதியுள்ள பாரி என்னும் நீண்ட வகை நாயனத்திற்காகச் சென்ற தை மாதம் ஆறு சீவாளிகள் வாங்கினேன். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் வாசித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கிளாரினெட் வாசிக்கும் என் தம்பிக்குப் பெட்டியின் மேல் அச்சிட்ட 2½, 3 என்ற எண்ணே ஊதும் தட்டையின் (ரீட்) கடினத்தைச் சொல்லிவிடுகிறது. சீவாளிக்கு அப்படி எண் கிடையாது. உதட்டில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நான் கேட்டதற்காக, அவர் முகம் சுளிக்காமல் இருபதுக்கும் மேற்பட்டவற்றை எடுத்து வைத்தார். காவிரிப் படுகையில் வெட்டிய நாணலை நன்றாக உலரவிட்ட பிறகே கட்டுவதாகவும் சொன்னார். நூல் கட்டு இறுக்கமாக இருந்தது. சீவாளி பொருந்தும் உலோகக் குழாயான கெண்டையில் காற்றுக் கசியவில்லை.

புதுச் சீவாளியை வாங்கிய அன்றே கச்சேரிக்கு எடுத்துச் செல்பவர்கள் பிறகு செய்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை. பச்சைத் தன்மை போகாத தட்டை எச்சிலை அளவுக்கு மீறிக் குடித்து ஊதிப்போய், மேல் ஸ்தாயியில் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதல் பத்து நாளும் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்திற்கு மேல் ஊதாமல், உடனே துடைத்து நிழலில் உலர்த்தி, ஆறையும் முறை வைத்து மாற்றி வாசித்தேன். மூன்றாம் வாரத்தில் நான்கு சீவாளிகள் நன்றாகப் பேசத் தொடங்கின. மேல் ஸ்தாயி ‘ஸ’வான தார ஷட்ஜத்தில் நின்று, நீட்டிக் கார்வை கொடுக்கும்போது உதடு போராட வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது கடைசிவரை கனமாகவே இருந்தது. வீட்டுச் சாதகத்திற்கு ஒதுக்கிவிட்டேன். ஆறாவது கெட்டது என் தவறு. அவசரத்தில் முற்றத்து வெயிலில் வைத்ததால் நார்வாக்கில் கீறல் விழுந்துவிட்டது. அடைமழைக் காலத்தில், மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு போட்ட ஒன்றில் பூஞ்சை படிந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று முதல் துளையிட்ட டப்பாவையே பயன்படுத்துகிறேன். சீவாளியின் வாயை விரிக்கக் குச்சியை விடும்போதும், அது நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். உலர்ந்த நிலையில் விட்டால் ஓரம் பிளக்கும்.

குறை என்றால், திமிரி என்னும் குட்டை நாயனத்திற்கும் பாரிக்கும் உரியவை ஒரே பையில் கலந்து கிடப்பதுதான். பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த தையிலும் அங்கேயே வாங்குவேன், ஆனால் ஆறுக்குப் பதில் பத்தாக.