டேப்பை உரிக்கும்போது தெரியும்: விமான மாடலுக்கு லாக்கரா, அக்ரிலிக்கா, எனாமலா?

போர் விமான பிளாஸ்டிக் மாடலுக்குப் பெயின்ட் அடிக்க லாக்கர்தான் என் தேர்வு. டாங்கி மாடலென்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே சேறு, துரு, தூசி என்று பூசிப் பூசி மறைக்கலாம். நிறம் படக்கூடாத இடத்தை மூட ஒட்டும் மாஸ்கிங் டேப்புக்கு வேலை குறைவு. விமானத்தில் ஒரே இடத்தில் டேப் நாலைந்து தடவை ஒட்டி உரிக்கப்படும். அதைத் தாங்குகிற பெயின்ட் எது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். மற்றதெல்லாம் பழகினால் சரியாகிவிடும்.

களத்தில் இருப்பவை நான்கு. தண்ணீரில் கரையும் அக்ரிலிக், இதற்கு வயேஹோ மாடல் ஏர் நல்ல உதாரணம். ஆல்கஹால் அடிப்படையிலான அக்ரிலிக், அதாவது டாமியா எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளும் மிஸ்டர் ஹாபி அக்வியஸும். காரமான கரைப்பானில் கலந்த லாக்கர் என்றால் மிஸ்டர் கலர், டாமியா எல்பி. நான்காவது ஹம்ப்ரோல் போன்ற எனாமல். நிறத் தேர்வு எல்லாவற்றிலும் போதுமான அளவு உண்டு. லாக்கர் நாறும், தண்ணீர் அக்ரிலிக் நாறாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

எனாமலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அது சமமாகப் படியும், கைப் பிரஷ்ஷில் கோடு தெரியாது, நன்றாக ஒட்டும். ஆனால் ஒரு பூச்சு டேப்பைத் தாங்கும் அளவுக்கு இறுக ஒன்றிரண்டு நாள் ஆகும். பளபளப்பு வகைக்கு இன்னும் கூடுதல். மூன்று நிற கேமோ (மறைப்பு வண்ணக் கோலம்) என்றால் காத்திருப்பிலேயே வாரம் ஓடிவிடும். பேனல் லைன் எனும் தகட்டு இணைப்புக் கோடுகளை எடுத்துக்காட்டப் பூசித் துடைக்கும் நீர்த்த வாஷ்களில் பலவும் எனாமல்தான் என்பதால், நடுவில் நிறமில்லாத ஒரு கிளியர் கோட் இல்லாமல் வாஷைத் துடைத்தால் அடியிலுள்ள பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். எனாமலை, காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ்ஷில் தொடர்ந்து அடித்த பழக்கம் எனக்குக் குறைவு. அதில் தேர்ந்தவர்கள் இதைவிட நல்ல தீர்ப்பு சொல்லக்கூடும்.

இப்போது டேப். 1944 ஜூன் மாத ஸ்பிட்ஃபயர் மார்க் 9 ஒன்றை 1/48 அளவில் செய்வதாக வைத்துக்கொள்வோம். அடிப்பகுதி மீடியம் சீ கிரே. மேலே ஓஷன் கிரே, டார்க் கிரீன். வால் பக்கம் உடலைச் சுற்றி ஸ்கை நிறப் பட்டை. இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள். இத்தனைக்கும் மேல் நார்மண்டி தரையிறக்கத்துக்கான படையெடுப்புப் பட்டைகள்: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம். 1/48-ல் அது 9.5 மி.மீ., 1/72-ல் 6.35 மி.மீ. 10 மி.மீ. டேப்பை அப்படியே ஒட்டினால் ஐந்து பட்டைகளுக்குள் இரண்டரை மி.மீ. மிகையாகிவிடும், கண்ணாடித் தட்டில் ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்துச் சீவிக்கொள்ள வேண்டும்.

வால் பக்கத்து உடலை மட்டும் பாருங்கள். ஸ்கை பட்டையை அடித்து அதன்மேல் டேப். கேமோவின் பச்சைக்காகச் சாம்பல் மேல் டேப். பிறகு பட்டைகளின் எல்லைக்காக ஸ்கை, சாம்பல், பச்சை எல்லாவற்றின் மேலும் டேப். கடைசியில் கறுப்புக்காக மூன்று வெள்ளைகளின் மேல் டேப். ஓரிரு அங்குல நீளத்துக்குள் நாலு சுற்று. கீழிருக்கும் ஏதாவது ஓர் அடுக்கு பிளாஸ்டிக்கைச் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் கடைசி டேப் எல்லா அடுக்கையும் சேர்த்து எடுத்துவரும். நிஜ விமானங்களில் பட்டைகளைத் தரைப் பணியாளர்கள் அவசர அவசரமாகப் பிரஷ்ஷால் தீட்டினார்கள். ஓரங்கள் கோணலாக இருந்தாலும் வரலாற்றுக்குப் பிழையில்லை. ஆனால் கோணல் வேறு, உரிந்து தொங்குவது வேறு.

லாக்கர் பிடிப்பதற்குக் காரணம் அதன் கரைப்பான். அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையோ முந்தைய லாக்கர் அடுக்கையோ லேசாக இளக்கிவிட்டு ஆவியாகிப் போகிறது. பெயின்ட் அதற்குள் வேர்பிடித்ததுபோல் நிற்கிறது. தண்ணீர் அக்ரிலிக் அப்படியில்லை. தண்ணீர் வற்றியதும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஒரு தோல்போலப் படிகின்றன. அந்தத் தோலுக்கு இழுவை உண்டு, பிடிப்பு குறைவு. எனவே உரியும்போது பொட்டாக உதிராது. பலூன் கிழிவதுபோல் நீளமாக வரும்.

அதைவிட மோசம் அதற்குப் பின் வருவது. உரிந்த ஓரத்தைத் தேய்த்துச் சமன்செய்யப் போனால் தண்ணீர் அக்ரிலிக் சுருண்டு உருண்டு வரும், ஓரம் மெலியாது. லாக்கரில் எங்காவது உரிந்தாலும் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நாலு தேய், மேலே இரண்டு மெல்லிய பூச்சு, தடம் தெரியாது. பழுதுபார்க்க முடிகிற பெயின்ட் என்பதுதான் என் கணக்கில் லாக்கரின் பெரிய லாபம்.

தண்ணீர் அக்ரிலிக்கோடு டேப் வேலை முடியவே முடியாது என்றில்லை. பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். அடியில் மிஸ்டர் சர்ஃபேசர் 1500 போன்ற லாக்கர் பிரைமர் (அடிப்பூச்சு) போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முழு நாள் விட வேண்டும். டேப்பை ஒட்டுமுன் புறங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைக்கலாம். உரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், டேப்பை அதன் முதுகின் மேலேயே மடக்கி, மெதுவாகப் பின்னோக்கி எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் நிற்கும். ஆனால் லாக்கர் பிரைமர் அடிக்க முகமூடியும் காற்றுப்போக்கியும் எப்படியும் வேண்டும். வாசம் வராது என்று சொல்லித் தேர்ந்தெடுத்த காரணமே அங்கே போய்விடுகிறது.

ஏர்பிரஷ்ஷில் இரண்டும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. 0.3 மி.மீ. நாசிலில் தண்ணீர் அக்ரிலிக் அடிக்கும்போது ஊசிமுனையில் பெயின்ட் காய்ந்து குமிழாகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் துப்பும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு கலந்தால் குறையும். கூடுதலாகக் கலந்தால் பூச்சு நாள் கணக்கில் பிசுபிசுக்கும். லாக்கரை லெவலிங் தின்னரில் 1 பங்குக்கு ஒன்றரை முதல் 2 பங்கு வரை கலந்து, 15 முதல் 18 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் அடித்தால் துப்பல் அரிது. ஜெர்மன் பி.எஃப். 109-ன் பக்கவாட்டில் வரும் புள்ளித் திட்டுகளுக்கு 1-க்கு 3 வரை தளர்த்தி, அழுத்தத்தை 10 முதல் 12-க்கு இறக்கி, இரண்டு மூன்று செ.மீ. நெருக்கத்தில் அடிக்கலாம். அந்த அளவு தளர்த்தியும் திட்டாகச் சிந்தாமல் நிற்பது லாக்கரில்தான் எளிது. ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்களான ஆர்.எல்.எம். 74, 75, 76 மூன்றும் மிஸ்டர் கலரில் 36, 37, 117 என்ற எண்களில் நேரடியாகக் கிடைக்கும். எஃப்-16-ன் மூன்று சாம்பல்களுக்கு 305, 306, 308.

லாக்கரின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து அடித்தால் வழியிலேயே காய்ந்து, உப்புத்தாள்போல் சொரசொரப்பாகப் படியும். மேலே டெக்கால் (சின்னங்களுக்கான ஒட்டுப்படம்) ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்ததுபோல் தெரியும். ஈரக்காற்றில் வேகமாக ஆவியாகும் தின்னர் பயன்படுத்தினால் பூச்சு வெளுத்துப் பனிபடரும். லெவலிங் தின்னரில் ரிடார்டர் ஏற்கெனவே கலந்திருப்பதால் அது இரண்டுக்கும் மருந்து. மாறாக, நனைய நனைய அடித்தால் கீழ் நிறம் கரைந்து மேலே கலங்கும். வெள்ளைப் பட்டைமேல் கறுப்பு அடிக்கும்போது இது முக்கியம்: முதல் இரண்டு சுற்று தூவலாக, மூன்றாவதுதான் ஈரமாக. டேப்பின் ஓரத்தில் முதலில் கீழ் நிறத்தையே ஒரு தூவல் தூவிவிட்டால் இடுக்கு அடைபட்டு, மேல் நிறம் கசியாது. விமானியறையை மூடும் கனோபி கண்ணாடிமேல் லாக்கரை ஒருபோதும் ஈரமாக அடிக்கக்கூடாது, மங்கிவிடும். அங்கே உள்பக்க நிறம் முதலில், வெளி நிறம் பிறகு, எல்லாமே தூவலாக.

கைப் பிரஷ்ஷுக்கு லாக்கர் உதவாது. இரண்டாம் தீற்றல் முதல் தீற்றலைக் கரைத்துவிடும். காக்பிட்டின் பொத்தான்கள், இருக்கைப் பட்டைகள், சக்கரக் குழியின் குழாய்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் அக்ரிலிக்கே ராஜா. பெயின்ட் உதிர்ந்த தோற்றத்துக்கும் அதுதான்: லாக்கர் பூச்சுமேல் சிப்பிங் திரவமோ ஹேர்ஸ்பிரேயோ, அதன்மேல் அக்ரிலிக், பிறகு ஈரப் பிரஷ்ஷால் தேய்ப்பு. கிழக்கு முனையில் குளிர்காலத்துக்காகத் தற்காலிகமாக வெள்ளையடித்த விமானங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பிடிப்பில்லாமை இங்கே குணமாக மாறிவிடுகிறது.

ஆல்கஹால் அக்ரிலிக் நடுவில் நிற்கிறது. அதற்குரிய எக்ஸ்-20ஏ தின்னரில் கலந்தால் நல்ல அக்ரிலிக். லாக்கர் தின்னரில் கலந்தால் பாதி லாக்கர். பிந்தையதில் டேப்பைத் தாங்கும் திறன் தெளிவாகக் கூடுகிறது, மேற்பரப்பும் வழவழப்பாகிறது. ஏற்கெனவே டாமியா பாட்டில்கள் அடுக்கி வைத்திருப்பவர் அவற்றை ஒதுக்கிவிட்டு லாக்கருக்கு மாற வேண்டியதில்லை, தின்னரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் எக்ஸ்எஃப் மேட் நிறங்களின் மேற்பரப்பு எளிதில் கீறும். விரல் நகம் பட்டாலே தடம் விழும். கேமோ முடிந்த உடனே பளபளப்பு கிளியர் கோட் ஒன்று போட்டுவிடுவது நல்லது. டெக்காலுக்கும் வாஷுக்கும் அது எப்படியும் தேவை.

வாஷ் விஷயத்தில் லாக்கருக்கு இன்னொரு வசதி: எனாமல் தின்னர் அதை அசைக்காது, தைரியமாகத் துடைக்கலாம். தின்னரை மட்டும் குளமாகத் தேங்க விடக்கூடாது. அது மூட்டு இடுக்குகளில் இறங்கி, இழுவிசையிலிருக்கும் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும். தரையிறங்கு கால்கள் ஒடிவது பெரும்பாலும் இப்படித்தான். அடுக்கு வரிசையிலும் கவனம் வேண்டும். லாக்கர் மேல் எதையும் பூசலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிச் சுருக்கம் விழும்.

லாக்கரின் உண்மையான விலை மூச்சுக்குத்தான். தூசிக்கான சாதாரண முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த முகமூடி வேண்டும். கார்ட்ரிட்ஜ் திறந்து கிடந்தால் சும்மா இருக்கும்போதே தீர்ந்துபோகும், காற்றுப் புகாத பையில் வைக்க வேண்டும். முகமூடிக்குள் வாசம் வரத் தொடங்கினால் அன்றே மாற்ற வேண்டும். ஆவியை வெளியே தள்ளும் பெட்டியும் அவசியம், அருகில் நெருப்பு கூடாது. மாடல் காய்கிற சில மணி நேரமும் ஆவி வந்துகொண்டே இருக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஏர்பிரஷ்ஷின் வளையங்கள் கரைப்பானைத் தாங்கும் பி.டி.எஃப்.இ. வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ரப்பர் ஊதிப்போகும். கழுவிய தின்னரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

குழந்தைகள் இருக்கிற சிறிய வீடு, திறந்த ஜன்னல் ஒன்றுகூட இல்லாத அறை என்றால் லாக்கரை விட்டுவிடுங்கள். இதில் சமரசம் இல்லை. அங்கே தண்ணீர் அக்ரிலிக்கை எடுத்துக்கொண்டு, டேப் குறைவாகக் கேட்கும் விமானத்தைத் தேர்வு செய்வது புத்திசாலித்தனம். ஒரே நிறச் சாம்பல் ஜெட் ஒன்றோ, கடற்படையின் முழுநீல விமானமோ போதும். கேமோவின் மென்மையான ஓரங்களுக்கு டேப்புக்குப் பதில் புளூடாக் போன்ற பசைக்களிமண்ணைக் கயிறாக உருட்டி வைக்கலாம், அதன் பிடி லேசானது.

எதை வாங்கினாலும் மாடலில் அடிக்குமுன் ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் அதே பிரைமர், அதே நிறம், அதே தின்னர் அடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு டேப், மறுநாள் இன்னொரு டேப்; இரண்டையும் நகத்தால் அழுத்தித் தேய்த்து ஒட்டி உரித்து, பசைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.