மூன்று ஆண்டுகள், ஒரே சென்சார்: குறைந்த ஒளியில் இரைச்சல் பற்றிய ஒரு பயன்பாட்டு அனுபவம்

24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார் கொண்ட ஒரு மிரர்லெஸ் கேமராவை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் என்னிடம் இருந்தது அதைவிடச் சிறிய, ஏபிஎஸ்-சி எனப்படும் அளவிலான 12 மெகாபிக்சல் சென்சார் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர். நான் பெரும்பாலும் எடுப்பவை மேடை நாடகப் படங்களும், முக்காலியில் வைத்து எடுக்கும் இரவு வானப் படங்களும் ஆகும். இரண்டிலும் வெளிச்சம் போதாது. ஆகவே, நாய்ஸ் என்று நாம் சொல்லும், படத்தில் புள்ளிகளாகவும் திட்டுகளாகவும் தெரியும் இரைச்சலோடுதான் இந்த மூன்று ஆண்டுகளும் கழிந்தன. புதுக் கேமரா வந்த வாரத்தில் எழுதப்படும் மதிப்பீடுகளில் ஒரே காட்சியை ஐஎஸ்ஓ (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அளவு) 100 முதல் 51200 வரை எடுத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அந்த வரிசை பொய்யன்று. ஆனால் நீண்ட நாள் பயன்பாட்டில் என்னை உண்மையில் எரிச்சலூட்டிய இரைச்சல் அந்த வரிசையில் ஓரிடத்திலும் தென்படாது. கேமராவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே வகைச் சென்சார் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கேமராக்களில் இருப்பதால் பெயருக்கு அவ்வளவு முக்கியத்துவமும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கேமராவில் ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுத்த படத்தில் எவ்வளவு இரைச்சல் இருந்ததோ, ஏறத்தாழ அவ்வளவுதான் புதியதில் ஐஎஸ்ஓ 6400 வைத்தபோது தெரிந்தது. ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு; ஆகவே இது இரண்டு ஸ்டாப் முன்னேற்றம். தொழில்நுட்பத்தின் அதிசயம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது, அதாவது 864 சதுர மி.மீ. பரப்பு; ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு சுமார் 367 சதுர மி.மீ. மட்டுமே. பரப்பு ஏறத்தாழ 2.35 மடங்கு என்பதால் ஒன்றேகால் ஸ்டாப் அளவு நன்மை வெறும் அளவினாலேயே வந்துவிடுகிறது. இத்தனை ஆண்டு சென்சார் ஆராய்ச்சியின் பங்காக எனக்குக் கிடைத்தது மீதி முக்கால் ஸ்டாப்தான். அந்த அளவு நன்மையும் நிபந்தனைக்குட்பட்டது. பழைய கேமராவில் கிடைத்த அதே ஆழத்தெளிவு (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) வேண்டுமென்று லென்ஸின் துளையான அபெர்ச்சரைச் சுருக்கினால், பெரிய சென்சார் கூடுதலாகப் பெற்ற ஒளியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மூன்று நடிகர்கள் முன்னும் பின்னுமாக நிற்கும் காட்சியில் இதை நான் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

குறைந்த ஒளியில் தெரியும் இரைச்சலின் பெரும்பகுதி கேமராவின் குற்றமே அன்று. தூறல் தொடங்கியவுடன் தரையைக் கவனித்தால் ஒரு சதுரக் கல்லில் நான்கு துளிகள் விழுந்திருக்கும், பக்கத்துக் கல்லில் ஒன்றுகூட இராது. அரைமணி நேரம் பெய்த பிறகு எல்லாக் கற்களும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். ஒளியும் ஃபோட்டான்களாக அப்படித்தான் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் பதிவானால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 100 அளவில், அதாவது ஒரு விழுக்காடுதான் இருக்கும். 100 ஃபோட்டான்கள் மட்டுமே பதிவானால் ஏற்ற இறக்கம் 10, அது பத்து விழுக்காடு. எவ்வளவு உயர்ந்த சென்சாரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் உணர்திறனைக் கூட்டுவதும் அன்று. பதிவான ஒளி எவ்வளவோ அவ்வளவுதான், அதிலிருந்து பிறந்த சமிக்ஞையைப் பெருக்குவது மட்டுமே அதன் வேலை.

இது புரியாமல் முதல் ஆண்டு முழுவதையும் வீணாக்கினேன். ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டக்கூடாது என்ற பழைய பயம் கையோடு ஒட்டியிருந்தது. நடிகரின் முகத்தில் விழும் விளக்கொளி வெளிறிவிடக்கூடாதே என்று வெளிச்சம் குறைவாகப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் நிழல் பகுதிகளை மூன்று ஸ்டாப் உயர்த்துவேன். பின்னால் தொங்கும் கருந்திரையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுகள் கிளம்பும். சென்சார் மோசம் என்று ஓராண்டு குறைகூறிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இரவு பொறுமையாக உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். மங்கிய ஒற்றை விளக்கின் கீழ் ஒரு புத்தக அலமாரி, முக்காலியில் கேமரா, அபெர்ச்சரும் ஷட்டர் வேகமும் மாறாமல் அப்படியே. ஐஎஸ்ஓவை மட்டும் 100, 200, 400, 800 என்று 6400 வரை மாற்றி ஏழு ரா கோப்புகள் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருப்பவை) எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் கணினியில் 6400-இன் வெளிச்ச அளவுக்கு உயர்த்தி, அலமாரியின் அடித்தட்டு இருளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். 100 முதல் 400 வரை எடுத்தவற்றில் திட்டுகள் இருந்தன. 400-இல் குறைவு, 100-இல் சகிக்க முடியாத அளவு. ஆனால் 800-க்கும் 6400-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. கோப்புகளின் பெயர்களை மறைத்து வைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் பார்த்தேன். அப்போதும் தவறாகவே ஊகித்தேன்.

காரணம் எளியது. இந்தச் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு நிலைப் பெருக்கம் உண்டு. குறைந்த ஐஎஸ்ஓவில், ஒளி உண்டாக்கும் எலக்ட்ரான்களை நிறையத் தாங்கும் நிலையிலும், ஐஎஸ்ஓ 800 முதல் ஒவ்வொரு எலக்ட்ரானும் கூடுதல் மின்னழுத்தத்தை உண்டாக்கும் நிலையிலும் அது இயங்குகிறது. பின்னால் வரும் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் அந்தக் கூடுதல் மின்னழுத்தத்துக்கு முன் எடுபடுவதில்லை. ஆகவே ஐஎஸ்ஓ 400-இல் நின்றுகொண்டு மூன்று ஸ்டாப் உயர்த்தியதுதான் நான் செய்த அசட்டுத்தனமான தேர்வு. இரண்டடி தள்ளியிருந்த வாசலைப் பார்க்காமல் சுவரேறிக் குதித்த கதை. அன்றிலிருந்து மேடைக்கு ஐஎஸ்ஓ 800 என்று நிலையாக வைத்துவிட்டு, முகத்தின் வெளிச்சத்தை ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் பார்த்து ஷட்டரை மட்டும் மாற்றுகிறேன். தேவையான மீதி வெளிச்சத்தைக் கணினியில் கூட்டிக்கொள்கிறேன். விளக்கு முகத்தில் பளிச்சென்று விழும் கணத்திலும் நெற்றி வெளிறுவதில்லை, திரையும் முன்பு போல் அழுக்காவதில்லை. வேறு கேமராக்களில் இந்தப் படி 400-இலோ 500-இலோ 640-இலோ இருக்கலாம். சிலவற்றில் இல்லாமலும் இருக்கலாம். மேற்சொன்ன சோதனைக்கு ஒரு மணி நேரமே ஆகும் என்பதால், கேமரா வாங்கிய எவரும் முதல் வாரத்திலேயே அதைச் செய்துவிடுவது நல்லது.

மணல் தூவினாற்போல் சீராகப் பரவியிருக்கும் இரைச்சலுக்குக் கண் விரைவில் பழகிவிடுகிறது. படத்தைச் சிறிதாக்கினால் அது அடங்கியும் விடும். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கும்போது நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சராசரியாவதால் இரைச்சலும் பாதியாகிறது. கண் பொறுக்காதது ஒழுங்குள்ள இரைச்சலைத்தான். ஒரு காட்சியில் நடிகைக்குப் பின்னாலிருந்து விளக்கு நேராக லென்ஸுக்குள் அடித்தது. முகம் இருண்டிருந்ததால் நிழலை உயர்த்தினேன். கன்னத்தின் குறுக்கே சம இடைவெளியில் மெல்லிய கிடைக்கோடுகள், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போல வரிசையாக நின்றன. ஃபேஸ் டிடெக்ட் (phase detect; முகத்தைக் கண்டறிவது அன்று) முறையில் ஃபோகஸ் செய்வதற்கான பிக்சல்கள் சென்சாரில் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதன் விளைவு இது. மூன்று ஆண்டுகளில் ஐந்தாறு முறைதான் நேர்ந்திருக்கிறது. இருந்தும், ஐஎஸ்ஓ 12800-இல் எடுத்த எத்தனையோ படங்களைச் சிறிதும் தயங்காமல் கொடுத்திருக்கிறேன். அந்தக் கோடு விழுந்த படத்தை இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இன்னொரு ஏமாற்றம். நாடகம் உச்சத்தில் இருக்கும்போது ஷட்டர் சத்தம் கேட்டு முன்வரிசையினர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காகவே இந்த வசதியை ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன். ஆனால் இந்தச் சென்சார் மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாகப் படித்து முடிக்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் மேடையின் எல்இடி விளக்குகள் பலமுறை அணைந்து எரிந்துவிடுவதால், வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருளும் ஒளியும் மாறி மாறி விழும். அதோடு, தொடர்ச்சியாக எடுக்கும்போது என் கேமராவில் 14 பிட் பதிவு 12 பிட்டாகக் குறைந்துவிடுகிறது. இருளுக்கும் ஒளிக்கும் இடையே 16,384 படிகள் இருந்த இடத்தில் 4,096 படிகளே மிஞ்சும். சாதாரணக் காட்சிகளில் இது தெரியாது. ஐஎஸ்ஓ 100-இல் எடுத்து இருளை நன்றாக உயர்த்தினால் தெரியும்.

கேமராவுக்கு வயதாக ஆக மாறுவது, ஒளி படாமலே பளிச்சென்று தெரியும் ஹாட் பிக்சல்தான். வாங்கிய மாதத்தில் லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு 30 விநாடிக்கு ஒரு கருப்புப் படம் எடுத்து வைத்தேன். அதன் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அதே அளவுகளில் எடுத்து வருகிறேன். முதல் படத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்; இப்போது எடுத்ததில் எண்ணி முடிக்கப் பொறுமை வேண்டும். அண்டக்கதிர்கள் சிலிக்கானில் உண்டாக்கும் நுண்ணிய சேதமே இதற்கு முக்கியக் காரணம் என்பதால், கேமராவைப் பயன்படுத்தாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் இது கூடத்தான் செய்யும். கூடவே வெப்பம். சென்சாரின் வெப்பநிலை சுமார் 6 முதல் 8 டிகிரி உயரும்போதெல்லாம் ஒளியே இல்லாமல் பிக்சலில் சேரும் இருள் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. ஒரு மணி நேரம் வீடியோ பதிவு செய்த கையோடு நட்சத்திரப் படம் எடுத்தால், வானத்தில் இல்லாத நட்சத்திரங்களும் சேர்ந்து வரும். உற்றுப் பார்த்தால் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளலாம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தையே பதிவு செய்கிறது. மற்ற நிறங்கள் அண்டைப் பிக்சல்களிலிருந்து ஊகிக்கப்படுகின்றன. ஆகவே சிவப்பு வடிகட்டியின் கீழுள்ள பிக்சல் கெட்டுப்போனால் அது வெறும் புள்ளியாக நிற்காமல் அண்டை அயலிலும் தன் நிறத்தைப் பரப்பி, சிறிய செந்நிறக் கூட்டல் குறியாகத் தோன்றும். நட்சத்திரம் ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காக இராது. கெட்ட பிக்சல்களைக் கண்டறிந்து ஒதுக்கும் பிக்சல் மேப்பிங் வசதியை மெனுவிலிருந்து ஆண்டுக்கு இருமுறை இயக்குகிறேன், பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பை மட்டும் அணைத்தே வைத்திருக்கிறேன், ஏனெனில் நான்கு நிமிடப் படத்துக்குப் பிறகு இன்னொரு நான்கு நிமிடம் கருப்புப் படம் எடுத்து அதைக் கழித்துக்கொண்டிருக்கும் கேமராவின் பக்கத்தில் குளிரில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

மென்பொருள்கள் இந்த மூன்று ஆண்டுகளில் சென்சாரைவிட வேகமாக முன்னேறியிருக்கின்றன. அடோபி லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ இரைச்சல் நீக்கத்தை ஐஎஸ்ஓ 12800 கோப்புகளில் நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன். தோலும் துணியும் பெரும்பாலும் இயல்பாகவே வருகின்றன. ஆனால் இந்த வகைக் கருவிகள் இருப்பதைத் துடைப்பதோடு நில்லாமல் இல்லாததை ஊகித்தும் வரைகின்றன. நடிகர் கையில் பிடித்திருந்த புத்தகத்தின் அட்டையில் தலைப்பு மங்கலாகத் தெரிந்தது. இரைச்சல் நீக்கிய பிறகு எழுத்துகள் கூர்மையாகவே வந்தன, ஆனால் மூன்று சுழி ணகரம் இரண்டு சுழி னகரமாகியிருந்தது. பிழையைக் கவனித்தது நானல்லன், நாடகத்தை எழுதியவர். அதிலிருந்து எழுத்துகள் உள்ள பகுதியில் மட்டும் நீக்கத்தின் அளவைக் குறைத்து, கொஞ்சம் மணலோடு விட்டுவிடுகிறேன்.

புதிய கேமராக்களுக்கு மாறலாமா என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு. 2007-இல் வந்த நிக்கான் டி3, ஐஎஸ்ஓ 6400-ஐச் சாதாரண எல்லைக்குள் கொண்டுவந்தபோது நிகழ்ந்தது போன்ற பாய்ச்சலை இனி எதிர்பார்ப்பதற்கில்லை. படிக்கும்போது சேரும் இரைச்சல் இன்றைய நல்ல சென்சார்களில் ஓரிரு எலக்ட்ரான் அளவுக்கு இறங்கிவிட்டது. வந்து விழும் ஒளியையே கூட்டித் தர எந்தச் சென்சாராலும் முடியாது. இப்போதைய முன்னேற்றமெல்லாம் வேகத்தில்தான். மின்சுற்றைப் பிக்சல்களுக்கு அடியில் அடுக்கிய அடுக்குச் சென்சார்கள் சில சுமார் 1/250 விநாடிக்குள் முழுச் சட்டத்தையும் படித்துவிடுகின்றன. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III எல்லாப் பிக்சல்களையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது, அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250-இல்தான் தொடங்குகிறது. வேகத்துக்குக் கொடுக்கும் விலை இருளில் தெரிகிறது என்பதை நண்பர் ஒருவரின் புதிய வேகச் சென்சாரில் கண்டேன்: ஐஎஸ்ஓ 100-இல் எடுத்து நான்கு ஸ்டாப் உயர்த்தியபோது மூன்று வயதான என் கேமராவே ஒரு மாற்றுச் சுத்தமாக இருந்தது. ஆனால் அதே நண்பர் அன்றைய நாடகத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்இடி விளக்குகளின் கீழ், சத்தமே இல்லாமல் எடுத்து முடித்தார். அவருடைய படங்களில் ஒரு பட்டையும் இல்லை. நான் மாறுவதாக இருந்தால் படத்தில் உள்ள இரைச்சலுக்காக மாற மாட்டேன், ஷட்டர் போடும் இரைச்சலுக்காகத்தான் மாறுவேன். இப்போதைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, வசனம் உரத்து வரும் இடமாகப் பார்த்து ஷட்டரை அழுத்திக்கொண்டிருக்கிறேன்.